முதல் முறிவோடு விட்டுவிடாதீர்கள்



நம் லயங்களில் ஒரு பேச்சு உண்டு. 'எலும்பு தேய்ஞ்சு போச்சு' என்பார்கள். முழங்கால் வலித்தாலும் அதுதான். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் அதுதான். பாட்டி கூன் விழுந்து நடந்தாலும் அதுதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நான்கு நோய்களைப் பேசிவிடுகிறோம். ஒன்றுக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்து பணத்தையும் காலத்தையும் பாழாக்குவது இதனால்தான்.

முழங்காலில் நோவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, உரசல் ஏற்பட்டு, வலியும் வீக்கமும் வரும். நான் இந்த மாதம் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. எலும்பின் உள்ளேயே சத்துக் குறைந்து, கண்ணறைகள் பெரிதாகி, லேசாகத் தட்டினாலும் முறியும் நிலைக்கு வருவதைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர்கள் இதை ஓஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸிமார் 'துலாங் ராப்போ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழில் எலும்புப்புரை என்றும் எலும்பு மெலிவு என்றும் எழுதுகிறார்கள். நாம் எலும்பு மெலிவு என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை முதலில் மனதில் பதிய வையுங்கள். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்பு மெலிவு வலிக்காது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு சத்தமில்லாமல் நடக்கும். ஒரு நாள் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றும்போது 'டக்' என்று முறியும்போதுதான் தெரியவரும். அந்த முதல் முறிவை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை இருக்கிறது.

எலும்பு கல் அல்ல

எலும்பு என்றால் செத்த பொருள், சுவரில் இருக்கும் கல்லைப்போல என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது உயிருள்ளது. அதில் இரத்தம் ஓடுகிறது. பால்வெட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்தில் நாம் பட்டையை வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மூடுகிறது. வெட்டும் வளர்ச்சியும் சமமாக இருந்தால் மரம் பல ஆண்டுகள் பால் கொடுக்கும். புதுப்பட்டை வளர விடாமல் வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

எலும்பிலும் இதே கதைதான். ஒரு வகை உயிரணு பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கிறது. இன்னொரு வகை உயிரணு அந்த இடத்தில் புதிய எலும்பைப் பூசுகிறது. சுமார் பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுதும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. பிள்ளைப் பருவத்திலும் வாலிபத்திலும் பூசுவது அதிகம், சுரண்டுவது குறைவு. 30 வயதை ஒட்டி எலும்பு அதன் முழு வலுவை அடைகிறது. அதன்பின் மெதுவாகச் சுரண்டல் மிஞ்ச ஆரம்பிக்கிறது.

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இது திடீரென்று வேகம் எடுக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் சுரப்புநீர்தான் அதுவரை சுரண்டும் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது. 50 வயதை ஒட்டி அது குறைந்ததும் கை அவிழ்ந்துவிடுகிறது. அடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளில்தான் இழப்பு மிக அதிகம். சிறு வயதிலேயே கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்ட தாய்மார்களுக்கும், 45 வயதுக்கு முன்பே விலக்கு நின்றுபோனவர்களுக்கும் இது முன்கூட்டியே தொடங்கிவிடும். அவர்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆண்களே, உங்களுக்கு இது இல்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி ஆயுளில் இப்படிப்பட்ட முறிவு ஏற்படும் என்பது மதிப்பீடு. சம்சுவும் பியரும் அளவு மீறிக் குடிப்பவர்களுக்கு எலும்பும் மெலியும், தள்ளாடி விழுவதும் சேர்ந்துகொள்ளும். சிகரெட்டும் சுருட்டும் எலும்பைத் தின்னும்.

நம் நாட்டில் 1997-இல் எடுத்த ஒரு கணக்குப்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 90 பேர் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் சீனப் பெண்களே அதிகம். 'அப்படின்னா அது சீனவங்க வியாதி' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய தாயார் அப்போது கையில் மாவுக்கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மணிக்கட்டு சொல்லும் சேதி

சாதாரணமாக நான் பார்க்கும் நடப்பு இதுதான். 55, 60 வயது அம்மா ஒருவர் வாசலில் பாசி வழுக்கி விழுகிறார். கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரிக்கிறார்கள். 'நல்லாப் போச்சுங்க டிரசரய்யா' என்று கையை மடக்கி நீட்டிக் காட்டுகிறார். கதை அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

முடியவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கு ஆரோக்கியமான எலும்பு முறியக்கூடாது. மரத்திலிருந்து விழுந்தால், மோட்டார் சைக்கிளில் அடிபட்டால் முறியட்டும், அது வேறு. நடக்கும்போது தடுக்கி விழுந்து முறிந்தால் எலும்பே மெலிந்திருக்கக் கூடும் என்று பொருள். ஒரு முறை இப்படி முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்தது முதுகெலும்பாக இருக்கலாம். அதற்கடுத்தது இடுப்பு.

ஆகவே மாவுக்கட்டு போட்ட டாக்டரிடமோ கட்டைப் பிரிக்கும் நாளிலோ ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஏன் முறிந்தது? எனக்கு எலும்பு மெலிவு இருக்கிறதா?' டாக்டர்மார் கூட்டத்தில் திணறுகிறார்கள். முறிந்ததைச் சேர்த்து வைப்பது ஒருவர் பொறுப்பு, எலும்பைப் பலப்படுத்துவது இன்னொருவர் பொறுப்பு என்று இடையில் விட்டுப்போவது உண்டு. நீங்கள் கேட்டால்தான் நடக்கும். கேட்கத் தெரியாவிட்டால், டிஸ்சார்ஜ் கடிதத்தோடு உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கோ வந்து காட்டுங்கள். அங்கிருந்து கடிதம் எழுதி அனுப்புவார்கள்.

கூன் வயதினால் விழுவதா?

மணிக்கட்டு முறிந்தால் தெரியும். முதுகெலும்பு முறிந்தால் பல பேருக்குத் தெரியவே தெரியாது. இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நம் முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள். மெலிந்துபோன கட்டை, விழாமலே, மேலிருக்கும் எடையால் மட்டுமே நசுங்கும். முன்பக்கம் அதிகமாக நசுங்குவதால் உடம்பு முன்னால் வளையும். இரண்டு மூன்று கட்டைகள் நசுங்கினால் கூன். பாட்டியின் கூன் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். 'காண்டா தூக்கித் தூக்கிக் கூனிப் போச்சு' என்று சொல்வோம். சுமை தூக்கியதால் மட்டும் கூன் விழுவதானால் அதே சுமையைத் தூக்கிய தாத்தாக்கள் எல்லோரும் கூனியிருக்க வேண்டுமல்லவா?

சிலருக்கு மட்டும் அந்த நேரத்தில் கடும் வலி வரும். தண்ணீர் வாளியைத் தூக்கும்போதோ, கேஸ் தோம்பை நகர்த்தும்போதோ, பேரப்பிள்ளையைக் குனிந்து எடுக்கும்போதோ நடு முதுகில் சுரீர் என்று பிடிக்கும். படுத்தால் குறையும், எழுந்து உட்கார்ந்தால் கூடும், வாரக் கணக்கில் நீடிக்கும். இதை வாயுப் பிடிப்பு என்று சொல்லி எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார்கள். அதைவிட மோசம், குப்புறப் படுத்துக்கொண்டு பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது. நம் வீடுகளில் இது பழக்கம்தான், சுகமாகவும் இருக்கும். ஆனால் 60 வயதுக்கு மேற்பட்ட மெலிந்த உடம்பில் இதைச் செய்யாதீர்கள். நசுங்கிய கட்டையின் மேல் பிள்ளை குதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. எப்போதும் கட்டும் சேலை இப்போது தரையில் இழுபடுகிறது, கைலி நீளமாகத் தெரிகிறது என்றால் உயரம் குறைந்திருக்கலாம். சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நிற்கும்போது தலையின் பின்பக்கம் சுவரைத் தொடாமல் எட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஒல்லியான உடம்பாக இருந்தும் வயிறு மட்டும் முன்னால் தள்ளி, விலா எலும்பு இடுப்பைத் தொடுவதுபோல் இருக்கிறதா? இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. அம்மாவுக்கு வயது 50 ஆகும்போதே கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்குத்தான் கோடு போட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு

எலும்பின் அடர்த்தியைச் சரியாக அளக்கும் இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு. படுக்க வைத்து, இடுப்பையும் கீழ் முதுகையும் மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிரால் படம் பிடிக்கும். வலி இல்லை, ஊசி இல்லை. இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டு ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு. பேரங்காடிகளில் குதிகாலை வைத்துப் பார்க்கும் சிறு இயந்திரத்தைக் கொண்டுவந்து பால்மாவு விற்பார்கள். அது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அல்ல. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

எல்லோரையும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு அனுப்ப முடியாது. யாரை அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க, ஆசியப் பெண்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு சுலபமான கணக்கை வெளியிட்டார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கான கணக்கு இது. எடையைக் கிலோவில் எடுங்கள். அதிலிருந்து வயதைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

ஒரு பாட்டிக்கு வயது 66, எடை 43 கிலோ. வயது எடையைவிட 23 கூடுதல். இப்படி 20-க்கு மேல் வயது கூடுதலாக இருந்தால் ஆபத்து அதிகம், சோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். 5 முதல் 20 வரை கூடுதல் என்றால் நடுத்தரம். முன்பு முறிவு இருந்ததா, தாயாருக்கு இடுப்பு முறிந்ததா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் விசாரித்து முடிவு செய்வார்கள். எடையும் வயதும் கிட்டத்தட்டச் சமம், அல்லது எடையே அதிகம் என்றால் ஆபத்து குறைவு. ஆனால் ஏற்கெனவே விழுந்து முறிந்தவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவர் நேராக டாக்டரிடம் போக வேண்டியவர். இதைப் படித்துவிட்டு, குண்டாக இருப்பது நல்லது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பக்கத்திலேயே காத்திருக்கின்றன.

ஒரே வாரத்தில் வலி போக்கும் மாத்திரை

இதை அழுத்தமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் யாரோ ஒருவர் கொண்டுவந்து விற்கிறார். பெயர் இல்லாத பொட்டலம், அல்லது வேர், இலை படம் போட்ட டப்பா. மூட்டுவலி, முதுகுவலி, நரம்பு இழுப்பு எல்லாவற்றுக்கும் கேட்கும் என்பார். சாப்பிட்டால் உண்மையிலேயே மூன்றாம் நாள் வலி பறந்துவிடும். பசி எடுக்கும், முகம் பளபளப்பாகும். 'தெய்வ மருந்துங்க' என்று அடுத்த வீட்டுக்கும் சொல்வார்கள்.

அவ்வளவு வேகமாகக் கேட்டாலே சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பல தடவை சோதனையில் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. ஆஸ்துமாவுக்கும் வேறு சில நோய்களுக்கும் டாக்டர்கள் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். அளவு தெரியாமல் மாதக் கணக்கில் விழுங்கினால் அது புது எலும்பு பூசும் வேலையை நிறுத்திவிடும். எலும்பு மெலிவுக்கு இவ்வளவு வேகமான காரணம் வேறு அதிகம் இல்லை. முதல் சில மாதங்களிலேயே முறிவு வர ஆரம்பிக்கும்.

முகம் நிலாப்போல உருண்டுவிட்டதா? கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்ததா? லேசாகப் பட்டாலும் தோலில் கருநீலத் தடம் விழுகிறதா? சர்க்கரை, இரத்தக் கொதிப்பு திடீரென்று ஏறியதா? உடனே வாருங்கள். ஆனால் ஒன்று: வெகுநாள் சாப்பிட்டவர் நாமாகவே ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துவிட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையையும் உறையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. நம் நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். அந்த எண்ணே இல்லாத பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சாப்பாடும் வெயிலும்

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கால்சியம் என்பதும் அதுவே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், 50 தாண்டிய பெண்களுக்கு 1200 என்று நம் நாட்டு வழிகாட்டி சொல்கிறது. ஒரு பெரிய கிளாஸ் பாலில் சுமார் 300 கிடைக்கும். இங்கே ஒரு விஷயம். தேத்தண்ணியில் ஊற்றும் டின் பால், பால் கணக்கில் சேராது. இப்போது கடையில் விற்கும் இனிப்பு டின்களில் பெரும்பாலானவை சீனியும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கலவைதான். 'நான் நாளைக்கு அஞ்சு வேளை பால் தேத்தண்ணி குடிக்கிறேனே' என்பவருக்குச் சர்க்கரைதான் மிஞ்சும்.

விலை உயர்ந்த 'எலும்புப் பால்மாவு' வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாதாரணப் பால்மாவே போதும். தயிர் நல்லது. கேழ்வரகு மாவு 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நம் பாட்டிமார் குடித்த கேப்பைக் கூழை நாம்தான் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கினோம். நெத்திலியைத் தலையும் முள்ளும் கிள்ளி எறியாமல் முழுதாகச் சமையுங்கள், உப்புப் போக முதலில் கழுவிக்கொள்ளுங்கள். டின் சார்டினை முள்ளோடு மசித்துச் சாப்பிடுங்கள். தவ்வு, தெம்பே, வேலியோரத்து முருங்கைக் கீரை, இவையும் உதவும். எலும்புக்குப் புரதமும் வேண்டும். 'வயசானவங்களுக்கு எதுக்கு முட்டை' என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

சுண்ணாம்புச் சத்தை உடம்பு உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில் தயாரிக்கிறது. 'வெயில்லயே பொறந்து வெயில்லயே வளர்ந்தவங்க நாங்க' என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கோடு போய், நீளக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக மரநிழலில் வேலை. வெயில் ஏறும்போது வீட்டுக்குள். ஓய்வு பெற்றபின் அதுவும் இல்லை, நாள் முழுதும் தொலைக்காட்சி நாடகம். நம் கறுத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும். அதிகாலை இளவெயில் நல்லது என்பது பழைய நம்பிக்கை. சூரியன் தாழ இருக்கும்போது வைட்டமின் டி தயாராவது மிகக் குறைவு. காலை 10 மணியை ஒட்டி, கையும் காலும் படும்படி 15, 20 நிமிடம், வாரம் மூன்று நாள் வாசலில் இருங்கள். கீரை ஆய்ந்துகொண்டே இருக்கலாம்.

எலும்பு, வேலை கொடுத்தால்தான் வலுவாகும். நடங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமைக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சற்று நில்லுங்கள், கால் பலப்பட்டால் விழுவதும் குறையும். ஏற்கெனவே முதுகுக் கட்டை நசுங்கியவர்கள் குனிந்து தரையைத் தொடும் பயிற்சி செய்யக்கூடாது, குனிந்து பாரம் தூக்கவும் கூடாது.

விழாமல் இருக்க

வீட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்துவிடலாம். குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடியுங்கள். வெளியே கழிவறை உள்ள பழைய லயங்களில் வழிக்கு ஒரு விளக்கு வேண்டும், நிர்வாகம் போடவில்லை என்றால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். மடங்கிக் கிடக்கும் கால்மிதித் துணிகளையும் எடுத்துவிடுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இரவில் எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும். கண்புரை இருந்தால் அறுவை செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வேலைக் காட்டில் விழுந்து முறிந்தால் அது வேலை விபத்து. 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 'உனக்கு எலும்பே பலவீனம்' என்று சொல்லி யாராவது புகார் எழுத மறுத்தால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், சங்கப் பிரதிநிதியிடம் போங்கள்.

இடுப்பு முறிந்துவிட்டால்

விழுந்த பாட்டியால் எழ முடியவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இது இடுப்பு முறிவு. காலை இழுக்காதீர்கள், உருவாதீர்கள், நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில் அறுவை வேண்டும் என்பார்கள். இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 'இந்த வயசுல ஆப்பரேஷனா? தாங்குவாங்களா? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டுக் கட்டுறவரை வரவச்சுப் பாப்போம்' என்று மூத்த மகன் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு நேர் எதிர். இந்த முறிவு கட்டுக்கு அடங்காது. அறுவை இல்லாமல் படுக்கையில் கிடந்தால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் இரத்தம் உறைதல் என்று ஒவ்வொன்றாக வரும். அறுவையின் நோக்கமே அவரைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பதுதான். முடிந்தவரை இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே நிற்க வைக்கப் பார்ப்பார்கள். எல்லாம் செய்தும் இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அந்த நிலைக்குப் போகவிடக்கூடாது என்பதற்காகத்தான் மணிக்கட்டைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன்.

மருந்து உண்டு

மெலிந்த எலும்பு முறியும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அதிகம் கொடுப்பது வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை. இதைச் சாப்பிடும் முறை முக்கியம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையச் சாதாரணத் தண்ணீரில் விழுங்க வேண்டும். தேத்தண்ணி, காப்பி, பால் கூடாது. அடுத்த அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும், படுக்கவே கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக் குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். விழுங்கச் சிரமம் உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொத்தைப் பல் பிடுங்குவதாக இருந்தால் மருந்து தொடங்குமுன் பிடுங்கிவிடுவது நல்லது. ஒன்றும் தெரியவில்லையே, வலியும் குறையவில்லையே என்று இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இது வலி மருந்தல்ல, ஆண்டுக் கணக்கில் வேலை செய்வது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. அதைப் போட ஆரம்பித்தவர்கள் தேதி தவறக்கூடாது. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றாமல் நடுவில் விட்டால் முதுகெலும்பு வரிசையாக நசுங்கும் ஆபத்து உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போவதானாலும் ஊசித் தேதியைப் பார்த்துப் போங்கள்.

வயதைத் தெரிந்துகொண்டு, எடை பார்க்க உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்து வாருங்கள். வேலை ஓய்வு பெற்றவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி இல்லை என்று சொன்னால் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துவிடலாம். வரும்போது வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், தலையணைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து.